காலாவதியான டின்கள்: குப்பை மேட்டுக்கு அனுப்பாமல் கணக்கை முடிப்பது எப்படி?



காத்தான்குடி பிரதான வீதியிலும், ஏறாவூரிலும், ஓட்டமாவடியிலும் மொத்த வியாபாரம் செய்கின்ற எந்தக் கடையின் பின்பக்கக் களஞ்சியத்திலும் ஒரு மூலை இருக்கும். திகதி முடிந்த டின்மீன், மேலே துருப்பிடித்த டின்பால், நசுங்கிய அன்னாசி டின் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். விற்க முடியாது. வீசவும் மனம் வராது. ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கி வைத்த பொருள் இரண்டு வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்கும்.

இந்த மூலை ஒரு சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் முடங்கிய முதல், சட்டச் சிக்கல், நுகர்வோரின் உயிர், நமது ஊரின் சுற்றாடல், வியாபாரத்தில் பேண வேண்டிய அமானிதம் ஆகிய ஐந்தும் அந்த மூலையில்தான் ஒன்றாகச் சந்திக்கின்றன. எனவே இவ்வாரம் அதனையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

டின்னுக்குள் என்ன நடக்கின்றது?

உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் நீண்டகாலம் கெடாது என்பதைக் கண்டறிந்தவர் பிரான்ஸ் நாட்டு மிட்டாய்த் தயாரிப்பாளர் நிக்கலஸ் அப்பேர். அதற்காக 1810 ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. அவர் பயன்படுத்தியவை கண்ணாடிப் போத்தல்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் டூரண்ட் என்பவர் தகர டின்னுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் விற்கின்ற டின்மீனும் அதே அடிப்படையில்தான் தயாராகின்றது. மீனை டின்னில் இட்டு, மூடி, அமுக்கத்தின் கீழ் ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவிக்கிறார்கள். உள்ளே இருக்கும் கிருமிகள் அழிகின்றன. வெளியிலிருந்து புதிய கிருமி நுழைய வழியில்லை.

ஆகவே டின் பழுதடையாமல் இருக்கும் வரை, திகதி முடிந்த மறுநாள் காலையில் உள்ளே இருக்கும் மீன் நஞ்சாகிவிடுவதில்லை. சுவை, நிறம், இறுக்கம், சத்து ஆகியன படிப்படியாகக் குறைகின்றன. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புள்ள பொருட்கள் தகரத்தை உள்ளிருந்து அரிப்பதால், மீன், இறைச்சி டின்களை விட அவற்றின் ஆயுள் குறைவு.

ஆனால் டின் பழுதடைந்தால் கதை வேறு. மூட்டு விலகிய, துளை விழுந்த, துருவால் அரிக்கப்பட்ட டின்னுக்குள் கிருமிகள் புகுந்துவிடும். அவற்றுள் மிகக் கொடியது குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம். காற்று இல்லாத இடத்திலேயே அது வளரும். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. சில வேளைகளில் அந்த உணவில் கெட்ட வாடையோ நிறமாற்றமோ தெரியாது. ஆகவே ‘மணந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கிறது’ என்ற பேச்சு இங்கே செல்லாது. மூடி மேலே ஊதி நிற்கின்ற டின்னை எக்காரணம் கொண்டும் கடையில் திறந்து பார்க்கக் கூடாது.

நமது பிரதேசத்தில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெயில். தகரக் கூரை போட்ட களஞ்சியத்தில் மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நிலவும் வெக்கை, டின்னின் ஆயுளைத் திகதிக்கு முன்பே தின்றுவிடும். மற்றையது உப்புக் காற்று. ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. இடையில் இருக்கின்ற நமது ஊர்களில் டின்னின் விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கின்றது. டின்னில் அச்சிட்ட திகதி, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்திருப்போம் என்ற எண்ணத்தில் போடப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கின்றது?

சில மேலைநாடுகளில் ‘இத்திகதிக்கு முன் உண்பது சிறந்தது’ என்பதும் ‘இத்திகதிக்குப் பின் உண்ணாதீர்’ என்பதும் வேறு வேறாகக் கருதப்படுகின்றன. பிரித்தானியாவில் ஈஸ்ட் ஒஃப் இங்கிலண்ட் கூட்டுறவுக் கடைகள் 2017 டிசம்பரில் முதல்வகைத் திகதி கடந்த டின்களை 10 பென்ஸுக்கு விற்கத் தொடங்கின. அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடமளிக்கின்றது.

இதைக் கேள்விப்பட்டு நாமும் அவ்வாறு செய்யலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. முதலாவதன் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், இரண்டாவதன் கீழ் அதிகார சபையின் புலனாய்வு அதிகாரிகளும் உங்கள் கடைக்குள் வரலாம், பொருளைக் கைப்பற்றலாம், நீதவான் நீதிமன்றில் வழக்குத் தொடரலாம். திகதி முடிந்த உணவை விற்பதும் விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றம். லேபலை அகற்றுவதும், மாற்றுவதும், அழிப்பதும் தனிக் குற்றம்.

‘விற்க வைக்கவில்லை, ஒதுக்கித்தான் வைத்திருந்தேன்’ என்று பின்னர் சொல்வதால் பயனில்லை. தனியாகப் பிரித்து, எழுதி ஒட்டி, பதிவேட்டில் குறித்து வைத்திருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி உண்டு. நல்ல டின்களுக்கு அருகில் கலந்து கிடந்தால் அதிகாரி அதை விற்பனைப் பொருளாகவே எடுத்துக்கொள்வார்.

குப்பை மேட்டில் கொட்டினால் என்ன?

‘நகர சபை வண்டியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது’ என்பது பலரது எண்ணம். வேலை முடிவதில்லை, வேறோர் இடத்தில் ஆரம்பமாகின்றது.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.  நமக்கு அண்மையில் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் உள்ள குப்பை மேட்டுக்கு யானைகள் உணவு தேடி வருகின்றன. அங்கு பிளாஸ்டிக்கை விழுங்கி எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகின. உணவு வாடையுடன் கொட்டப்படும் குப்பைதான் விலங்குகளை அங்கே இழுக்கின்றது.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோ மீற்றர் நீளமானது. அதன் கரையோர ஊர்களில் வீடு கட்டவே நிலம் போதாது. குப்பை கொட்ட எங்கே போவது? நமது மணல் நிலத்தில் கிணற்று நீர் மிகவும் மேலே நிற்கின்றது. எதைப் புதைத்தாலும் அதன் சாறு கிணற்றுக்கும் வாவிக்கும்தான் போய்ச்சேரும். மூடிய டின் ஒன்று குப்பை மேட்டில் பல வருடங்கள் கிடந்து, துருப்பிடித்து, பின்னர் வெடித்துக் கசியும். உள்ளிருக்கும் உணவு காற்றின்றி அழுகும்போது மீதேன் வாயு வெளியாகின்றது. குப்பை மேடுகளில் தீ பற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான்: மூடிய டின் திரும்பி வரும். குப்பை பொறுக்குபவர் எடுத்துத் துடைத்து விற்பார். வாங்குபவர் மலிவென்று வாங்குவார். உங்கள் கடையிலிருந்து வெளியேறிய டின் யாருடைய வீட்டுச் சட்டியில் போய் விழும் என்பது உங்களுக்குத் தெரியாது.

முதற்படி: காலாவதியாகாமல் பார்த்தல்

மிகச் சிறந்த கழிவு முகாமைத்துவம் கழிவே உண்டாகாமல் பார்ப்பதுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெட்டியில் 24 டின்கள் வீதம் 10 பெட்டி டின்மீன், மொத்தம் 240 டின்கள் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு இலகுவாக இருப்பதற்காக ஒரு டின்னின் கொள்விலையை 500 ரூபா என்று எடுப்போம். முடங்கிய முதல் 120,000 ரூபா.

திகதிக்கு நான்கு மாதம் இருக்கும்போதே கண்டுபிடித்து, கொள்விலையில் 10 வீதம் குறைத்து விற்றால் நட்டம் 12,000 ரூபா. ஒரு மாதம் இருக்கும்போது கண்டுபிடித்து 25 வீதம் குறைத்தால் நட்டம் 30,000 ரூபா. திகதி முடிந்த பின்னர் கண்டுபிடித்தால் முழு 120,000 ரூபாவும் போய்விடும். அகற்றும் செலவு வேறு. சரக்கு ஒன்றுதான். நாம் அதைப் பார்த்த நாள்தான் நட்டத்தைத் தீர்மானிக்கின்றது.

இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. பின்வரும் பழக்கங்கள் போதும்.

1. சரக்கு இறங்கும்போதே திகதியைப் பாருங்கள். பெட்டியின் மேலுள்ள திகதியுடன் டின்னின் மூடியில் பொறித்த திகதியையும் ஒப்பிடுங்கள். சில நாடுகளில் வருடத்தை முதலிலும், சில நாடுகளில் நாளை முதலிலும் எழுதுவார்கள். அதைத் தவறாக வாசித்து ஏமாந்தவர்கள் உண்டு. குறுகிய திகதிச் சரக்கு ‘மலிவு’ என்று வந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

2. ‘முன்னே வந்தது முன்னே போகட்டும்’ என்பது பழைய விதி. டின்னுக்கு அது போதாது. ‘முன்னே முடிவது முன்னே போகட்டும்’ என்பதே சரியான விதி. பின்னால் வந்த சரக்கு முன்னால் காலாவதியாகலாம்.

3. பெட்டியின் வெளியே கறுப்பு மார்க்கரால் மாதத்தையும் வருடத்தையும் பெரிதாக எழுதுங்கள். களஞ்சியத்துக்குள் நுழையும் பையன் தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

4. ஒரு கொப்பியில் 12 பக்கங்களை 12 மாதங்களுக்கு ஒதுக்குங்கள். எந்த மாதத்தில் எது முடிகின்றது என்பதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மாத முதல் நாளும் நான்கு மாதம் முன்னால் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். முழுப் பாதுகாப்பும் இந்த ஒரு பழக்கத்தில்தான் இருக்கின்றது.

5. தரையில் அடுக்க வேண்டாம். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு அடுக்குங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை நமது மாவட்டம் மறக்க முடியாது. மாரியில் தண்ணீர் நுழையக்கூடிய களஞ்சியமாயின் பலகையை இன்னும் உயர்த்துங்கள்.

6. விலை கூடும் என்று எண்ணி வாங்கிக் குவிப்பதை நிறுத்துங்கள். காலாவதியான சரக்குக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஆசைதான் இருக்கின்றது.

இரண்டாம் படி: திகதிக்கு முன்னரே வழி தேடுதல்

நான்கு மாதப் பக்கத்தில் ஒரு பொருள் தென்பட்டவுடன் மூன்று வாசல்கள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன.

முதல் வாசல் விநியோகஸ்தர். சரக்கு எடுக்கும்போதே ‘திகதிக்கு மூன்று மாதம் முன்பு அறிவித்தால் மாற்றித் தருவீர்களா?’ என்று கேட்டு, பற்றுச்சீட்டின் பின்புறத்திலாவது எழுதி வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதியின் வாய் வாக்குறுதி அவர் மாற்றலாகிப் போகும்போது அவருடனேயே போய்விடும்.

இரண்டாம் வாசல் வெளிப்படையான விலைக்கழிவு. ‘இரண்டு மாதத் திகதி உள்ளது, அதனால் இந்த விலை’ என்று எழுதித் தொங்கவிடுங்கள். குறையைச் சொல்லி விற்பது வியாபாரத்தைக் குறைக்காது. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்த சம்பவம் முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. அடியில் இருப்பதை மேலே வைப்பதுதான் நமது முதல் வியாபாரப் பாடம். ஹோட்டல்காரர்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் ஒரே தடவையில் பல பெட்டிகள் எடுக்கக்கூடியவர்கள். அவர்களிடமும் திகதியைச் சொல்லியே விற்க வேண்டும்.

மூன்றாம் வாசல் தர்மம். பிரான்ஸில் 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய கடைகள், உண்ணத்தக்க விற்காத உணவை அழிக்க முடியாது; தர்ம நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்ய வேண்டும். நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் பள்ளிவாசல்களும், அநாதை இல்லங்களும், முதியோர் இல்லங்களும், குர்ஆன் மத்ரஸாக்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வெள்ள காலத்தில் பிரதேச செயலகங்கள் உலர் உணவு சேகரிக்கின்றன. குறைந்தது இரண்டு மாதத் திகதி மிச்சமிருக்கும்போது கொடுங்கள். பெறுபவருக்கு உண்பதற்கு அவகாசம் வேண்டும். திகதி முடிந்ததை ஏழைக்குக் கொடுப்பது தர்மமாகாது. நாமே கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று ஒதுக்க வேண்டாம் என்ற கருத்து அல்பகரா அத்தியாயத்தின் 267 ஆவது வசனத்தில் இருக்கின்றது. அந்த அளவுகோல் டின்மீனுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: திகதி முடிந்த பின்னர்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில பெட்டிகள் தப்பிவிடும். அவற்றை ஆறு கட்டங்களில் முடிக்கலாம்.

கட்டம் 1: பிரித்தல். திகதி முடிந்த அன்றே அவற்றை விற்பனைப் பகுதியிலிருந்து அகற்றி, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். ‘காலாவதியானது – விற்பனைக்கல்ல’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கட்டம் 2: பதிதல். பெயர், தொகுதி இலக்கம், திகதி, எண்ணிக்கை, கொள்விலை, அகற்றிய முறை, அகற்றிய நாள், சாட்சியின் கையொப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் வந்தால் இதைக் காட்டலாம். வருட முடிவில் கணக்காளருக்கும் இது வேண்டும். எழுத்தில் இல்லாத நட்டத்தை எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது. பெரிய தொகையாயின் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நீங்களே முன்கூட்டி அறிவியுங்கள். தானாகப் போய்ச் சொல்பவரைக் குற்றவாளியாகப் பார்ப்பவர் குறைவு.

கட்டம் 3: தரம் பிரித்தல். டின்களை இரண்டு குவியலாக்குங்கள். ஊதியவை, கசிபவை, மூட்டு நசுங்கியவை, ஆழமாகத் துருப்பிடித்தவை ஒரு குவியல். இவற்றைத் திறக்கவே கூடாது. கையுறை அணிந்து, தடித்த பொலித்தீன் பைகள் இரண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இட்டுக் கட்டி, பரிசோதகரின் ஆலோசனைப்படியே அகற்ற வேண்டும். வெளியில் பழுதில்லாமல் திகதி மாத்திரம் முடிந்தவை மற்றக் குவியல். அடுத்த கட்டங்கள் இவற்றுக்கு மாத்திரமே.

கட்டம் 4: திறத்தல். முழுப் பாடத்தின் திறவுகோல் இதுவே. எந்த டின்னும் மூடியபடி உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. திறந்த டின் வியாபாரப் பொருள் அல்ல. யாரும் திகதி மாற்றி ஒட்ட முடியாது. இரண்டு பேர் ஒரு காலைப் பொழுது இருந்தால் பத்துப் பெட்டியைத் திறந்துவிடலாம். மூடியின் விளிம்பு கத்தி போன்றது என்பதால் தடித்த கையுறை அவசியம். திறக்கும்போது உள்ளிருந்து சீறி வெளியேறினாலோ, கெட்ட வாடை வீசினாலோ அதை முதலாம் குவியலுடன் சேர்த்துவிடுங்கள்.

கட்டம் 5: உள்ளிருப்பதை மண்ணுக்குக் கொடுத்தல். 425 கிராம் டின்கள் 240 இல் ஏறத்தாழ 102 கிலோ மீனும் சாறும் இருக்கும். இது நல்ல பசளை. தென்னை மரத்தடியில் மீன் கழிவு புதைப்பது நமது பகுதியில் புதிய விடயமல்ல. டின்மீனில் உப்பு இருப்பதால், உப்பைத் தாங்கக்கூடிய தென்னைதான் அதற்குப் பொருத்தமான மரம். கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு இடக் கூடாது. மரத்திலிருந்து நான்கைந்து அடி தள்ளி, இரண்டு அடி ஆழத்தில் குழி வெட்டி, சில கிலோ மட்டும் இட்டு, உமி, தும்புத்தூள், மாட்டெரு ஆகியவற்றைக் கலந்து, மேலே குறைந்தது ஓர் அடி மண் போட்டு மூடுங்கள். மண் குறைந்தால் நாயும் காகமும் கிளறிவிடும். கிணற்றுக்கும் வாவிக்கும் அருகில் வேண்டவே வேண்டாம். ஊருக்குள் வீட்டுக் காணிகள் சிறியவை என்பதால், தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடன் பேசி அங்கே கொண்டுபோவதே பொருத்தம்.

சிறிதளவாயின் இயற்கை விவசாயிகள் செய்கின்ற ‘மீன் அமிலம்’ முறையும் உண்டு. மீனுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து, வாளியில் மூடி நிழலில் சுமார் மூன்று வாரம் வைத்து, வடித்து, அதிக நீர் கலந்து தெளிப்பார்கள். டின்மீனில் உப்புச் சாறு இருப்பதால் அதை முதலில் வடித்துவிட்டு, ஒன்றிரண்டு செடிகளில் பரீட்சித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். டின்பால், பழ டின் போன்ற இனிப்புப் பொருட்கள் கூட்டெருக் குவியலுக்கும் உயிர்வாயுக் கலத்துக்கும் நல்லவை. ஒரே நாளில் அள்ளிக் கொட்டாமல், சாணத்துடன் கலந்து சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

‘கோழிக்குப் போட்டால் என்ன?’ என்று பலர் கேட்பார்கள். இதில் அவதானம் தேவை. அளவுக்கு மிஞ்சிய உப்பு கோழிக்குத் தீங்கு. பால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மீன், இறைச்சி டின்களைக் கொடுக்கவே கூடாது. மேலும் 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் தீவன உற்பத்தியையும் விற்பனையையும் கட்டுப்படுத்துகின்றது. ஆகவே ‘தீவனத்துக்கு’ என்று நீங்கள் விற்பனை செய்ய முடியாது. பண்ணைக்காரர் ஒருவர் கேட்டால், கால்நடை வைத்தியரின் ஆலோசனையுடன், திறந்த நிலையில் மாத்திரம் கொடுங்கள். ‘தீவனத்துக்கு’ என்ற பெயரில் மூடிய டின் கேட்டு வருபவர் உண்மையில் எதற்காகக் கேட்கின்றார் என்பதைச் சிந்தியுங்கள்.

கட்டம் 6: தகரத்தை விற்றல். வெறும் டின் ஒன்று சுமார் 60 கிராம் வரும். 240 டின்களில் 14 கிலோவுக்கு மேல் உருக்குக் கிடைக்கும். அது உருக்கின் மேல் மெல்லிய வெள்ளீயம் பூசப்பட்ட தகடு. எத்தனை தடவை உருக்கினாலும் மீண்டும் பயன்படும். ஒரு தடவை கழுவி, லேபலைக் கிழித்து, நசுக்கி, பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குக் கொடுத்துவிடலாம். காந்தம் ஒட்டாத டின் அலுமினியம். அதைத் தனியே வையுங்கள், அதற்கு விலை கூட. பெட்டி மட்டைகளும் அவ்வாறே விலை போகும். வருமானம் பெரிதல்ல, ஏற்றியிறக்கிய கூலிக்காவது உதவும்.

பெருந்தொகையாயின்

ஒரு லொறி அளவு சரக்கு காலாவதியானால் தென்னை மரத்தடி போதாது. விநியோகஸ்தர்களும் இறக்குமதியாளர்களும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களை நாட வேண்டும். நமது நாட்டில் இதற்குரிய பிரதான வசதி புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை. அதன் மிகையான வெப்பத்தில் கழிவு எரிபொருளாகின்றது; சாம்பலும் சீமெந்துடன் சேர்ந்துவிடுகின்றது. புதைக்க மிச்சமில்லை. இன்சீ எக்கோசைக்கிள் என்ற பெயரில் இச்சேவை இயங்கி வருகின்றது. அழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோவையில் வையுங்கள்.

தனிக் கடைக்குப் புத்தளம் தூரம்தான். ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வர்த்தக சங்கங்கள் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் கடைகளின் ஊதிய, கசிந்த டின்களையும் ஓரிடத்தில் சேர்த்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மேற்பார்வையில் ஒரே லொறியில் அனுப்பினால் கூலி பங்காகிவிடும். இறக்குமதிக் கம்பனிகளையும் அச்செலவில் பங்கெடுக்கச் சொல்லலாம். ஒரு கடைக்காரர் கேட்டால் கிடைக்காத பதில், சங்கம் கேட்டால் கிடைக்கும்.

வாவிக்கு அப்பால்

கடைசியாக ஒரு விடயத்தை மனந்திறந்து பேச வேண்டியுள்ளது. எழுவான்கரையில் இருக்கின்ற நமது மொத்தக் கடைகளிலிருந்துதான் படுவான்கரைக் கிராமங்களின் பெட்டிக்கடைகளுக்குப் பெருமளவு சரக்குப் போகின்றது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது முதல் லொறி நேரடியாக வாவியைக் கடந்துவிடுகின்றது. அங்கே வாழ்பவர்கள் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். மீன் கிடைக்காத நாளில் ஒரு டின்னை உடைத்துக் குடும்பமே உண்ணும். வைத்தியசாலை தூரம்.

‘பாதி விலைக்குக் கொடுங்கள், உட்பக்கக் கடைகளில் திகதி பார்ப்பவர் இல்லை’ என்று தரகர் எவரேனும் உங்கள் வாசலுக்கு வரலாம். 120,000 ரூபா முடங்கியிருப்பவருக்கு அந்த 60,000 ரூபா பெரிய ஆசை. அந்த இடத்தில்தான் வியாபாரி சோதிக்கப்படுகின்றார். ஒரு கிராமத்தில் ஒரு பிள்ளைக்கு வாந்தி பேதி ஏற்பட்டால், அந்த டின்னின் கதை நமது ஊர்ப் பெயருடன்தான் பேசப்படும். யுத்த காலத்தில் அறுந்துபோன கொடுக்கல் வாங்கலை மீண்டும் கட்டியெழுப்ப இரு கரையிலும் எத்தனை பேர் பாடுபட்டார்கள்! ஒரு பெட்டி டின்மீனுக்காக அதை இழக்கலாமா?

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2024 ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022 இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணாகியது. அதில் 12 வீதம் சில்லறைக் கடைகளில் வீணானது. அந்தப் 12 வீதத்தில் நமது பின்பக்க மூலையும் ஒரு துளி.

இவ்வார வேலை

பாடம் படித்தால் மட்டும் போதாது. இந்த வெள்ளிக்கிழமை கடையை மூடியதும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பின்பக்க மூலைக்குப் போய் எல்லா டின்களையும் வெளியே எடுங்கள். திகதி உள்ளவை, நான்கு மாதத்துக்குள் முடிபவை, முடிந்தவை, ஊதியவை என நான்காகப் பிரியுங்கள். முதலாவதை அடுக்குங்கள். இரண்டாவதற்கு விலை எழுதுங்கள் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்துடன் பேசுங்கள். மூன்றாவதைப் பதிந்து, திறந்து, மண்ணுக்கும் இரும்புக்காரருக்கும் கொடுங்கள். நான்காவதற்காகப் பரிசோதகரை அழையுங்கள். பின்னர் 12 பக்கக் கொப்பியை ஆரம்பியுங்கள்.

நட்டம் என்று ஏற்றுக்கொண்டு ஒரு தடவை எழுதிவிட்டால் அது அத்துடன் முடிந்துவிடும். மறைத்து வைத்த நட்டம் வருடா வருடம் இடத்தையும் மன அமைதியையும் தின்றுகொண்டே இருக்கும். அடுத்த நோன்பு காலச் சரக்கு இறங்குவதற்கு முன் அந்த மூலை வெறுமையாக இருக்கட்டும்.